தண்ணீர்க் கிழமை

முன்பள்ளி விடும் நேரம் வாசலில் வந்து நிற்கும் அம்மாமார் பிள்ளையைக் கண்டதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இண்டைக்கு என்ன மனே படிச்ச?" பிள்ளையின் பதிலும் எல்லா நாளும் ஒன்றுதான். "விளையாடினன்." உடனே அம்மா நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். சிலர் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள்: "எப்ப டீச்சர் எழுத்துத் துவங்குவீங்க? மற்ற நேசரியில ஏ பி சி டி முழுக்க எழுதுதுகள்." வெயில் ஏறிக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளை ஓடவிட்டபடி அப்பாமார் காத்திருக்க, அந்த இடத்தில் நின்று என்னத்தைச் சொல்வது? போன கிழமை நாங்கள் செய்ததை இங்கே ஆறுதலாக எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

எங்கள் முன்பள்ளி குருமண்வெளித் துறைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில். வாவிக்கு அந்தப் பக்கம், மேற்கே, மண்டூர், படுவான்கரை. அரைச்சுவர் கட்டி மேலே கம்பிவலை அடித்த ஒரே மண்டபம், முற்றத்தில் ஒரு வேப்பமரம், பின்னால் குழாய். நானும் உதவி ஆசிரியையாக இருக்கும் தங்கச்சி ஒருத்தியும் இருபத்துச் சொச்சம் பிள்ளைகளும். எங்களுக்குக் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, கொடுப்பனவு. அது வருகிற திகதியை நம்பி யாரும் சீட்டுக் கட்ட மாட்டார்கள்.

இப்போது ஆடி. கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து மேசையில் கொட்டுகிறது. வாவியில் தண்ணீர் இறங்கி, கரையோரம் சேறு வெடித்துக் கிடக்கிறது. படுவான்கரையில் சிறுபோக வெட்டு நடக்கிறது. இந்த வெக்கையில் பிள்ளைகளை மண்டபத்துக்குள் வைத்துக்கொண்டு இருப்பதைவிடத் தண்ணீரில் விடுவதே புத்தி. மாதத் திட்டப் படிவத்தில் உடல், மொழி, சமூக மனவெழுச்சி, அறிவு, ஆக்கத்திறன் என்று ஐந்து விருத்திப் பகுதிகளுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. தண்ணீர் என்று ஒரு தலைப்பைப் போட்டால் ஐந்து பெட்டியும் தானாக நிரம்பிவிடும்.

பிள்ளைகளின் பெயரை எழுதமாட்டேன். படமும் போடமாட்டேன். மூன்று வயதுப் பிள்ளையின் முகம் முகநூலில் ஊர் சுற்றுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது, பெற்றார் சம்மதித்தாலும். எங்களிடம் அதற்கு வேறு வசதி இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னம் கொடுப்போம். பை கொழுவும் ஆணிக்கு மேல், கதிரையின் முதுகில், தண்ணீர்ப் போத்தலில் எல்லாம் அந்தச் சின்னம் ஒட்டியிருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளை தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். குலுக்கிப் போட்டுக் கொடுப்பதால் பொருத்தம் பார்ப்பதில்லை. வகுப்பிலேயே ஒரு இடத்தில் நில்லாமல் ஓடித் திரிகிற பையனுக்கு இந்த வருடம் ஆமை விழுந்தது. மாங்காய், குடை, மணி, முயல் என்று மற்றவர்கள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சனி ஞாயிறு வீட்டில் செல்லம் கொஞ்சிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பு மறுபடி பழக அரை நாள் தேவை. வட்டமாக இருந்து வரவு எடுத்தோம். வந்த பிள்ளை ஊரி என்கிற சிறு சங்கோடு ஒன்றை எடுத்துச் சிரட்டைக்குள் போட வேண்டும். எல்லோரும் போட்டு முடிந்ததும் கொட்டி எண்ணுவோம். விரல் ஒரு ஊரியைத் தொடும்போது வாய் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருக்கும். மூன்று வயதில் வாய் முந்தும், விரல் பிந்தும். ஒன்பது ஊரி பதின்மூன்றாகிவிடும். "எங்கட மகள் நூறு மட்டும் சொல்லுவா டீச்சர்" என்று கொண்டுவந்து விடப்படும் பிள்ளைகளிடம் நான் ஏழு ஊரி எடுத்துத் தரச் சொல்வேன். பாதிப்பேர் கை நிறைய அள்ளித் தருவார்கள். நூறு வரை சொல்வது அவர்களுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். எண்ணுவது வேறு வேலை. அதற்கு ஊரி வேண்டும், புளியங்கொட்டை வேண்டும், நாள் வேண்டும்.

அன்றைய காலை உணவு இலைக்கஞ்சி. முறைக்கு வந்த அம்மா வல்லாரையைத் தாராளமாகப் போட்டிருந்தார். பச்சை நிறத்தைக் கண்டதும் பாதிப்பேரின் முகம் கோணிவிட்டது. சர்க்கரைக் கட்டியைக் காட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தோம். கோப்பை ஒன்று குறைந்ததால் குடைக்கு மட்டும் நெடுத்த கிளாசில் ஊற்ற வேண்டி வந்தது. அவ்வளவுதான், மாங்காய் கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டாள். "அவக்குக் கூட, எனக்குக் கொஞ்சம்." நான் ஒன்றும் பேசாமல் அலுமாரியிலிருந்து இன்னொரு நெடுத்த கிளாசை எடுத்து, அவளுடைய கோப்பையில் இருந்ததை அவள் கண்ணெதிரே அதற்குள் ஊற்றினேன். ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. மாங்காய் கிளாசைப் பார்த்தாள், குடையின் கிளாசைப் பார்த்தாள். "இப்ப எனக்கும் கூட வந்திட்டு" என்று சொல்லிச் சமாதானமாகக் குடித்தாள். வல்லாரையைப் பற்றிய முறைப்பாட்டையும் மறந்துபோனாள்.

சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே (1896–1980) பிள்ளைகளிடம் செய்து பார்த்த சோதனை இதுவேதான். ஏறத்தாழ ஏழு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்துத்தான் கூட, குறைய என்று தீர்மானிப்பார்கள். அகலத்தையும் சேர்த்து யோசிக்கிற பக்குவம் பிறகுதான் வரும். பயிற்சி நெறியில் இதைப் பாடமாக்கிச் சோதனைக்கு எழுதினேன். இலைக்கஞ்சிக்குள் வந்து நின்றபோது கூடுதலாக நம்பினேன். இந்த வயதில் "ரெண்டும் ஒண்டுதான், பாரன்" என்று நாலு தரம் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஊற்றி ஊற்றிப் பார்க்க விட வேண்டும். ஆகவே செவ்வாய்க்கிழமைக்குத் தண்ணீர்ப் பேசின்.

பேசின் வைக்கிற நாளில் எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. ஒரு பெரிய ஆள் பேசினை விட்டு அசையக்கூடாது, தொலைபேசி அடித்தாலும். முடிந்ததும் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஆபத்து வரக் கொஞ்சத் தண்ணீர் போதும். கவிழ்க்காமல் விட்டால் டெங்கு நுளம்புக்கும் அது போதும்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்திருந்தார்கள். சிரட்டை, ஆணி, கச்சான் கடலைக் கோது, போத்தல் மூடி, புளியங்கொட்டை, வாழைத்தண்டு, வலையில் கட்டுகிற ஈயம். ஒரு பையன் உரிக்காத தேங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் கடையில் இரண்டு தோடம்பழம் வாங்கி வைத்திருந்தேன். முற்றத்தில் கயிற்றைப் போட்டு, இந்தப் பக்கம் தாழும், அந்தப் பக்கம் மிதக்கும் என்று பிரித்தோம். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று முதலில் போய் நிற்க வேண்டும். பிறகுதான் தண்ணீரில் போடலாம். முதலில் சொல்லுதல், பிறகு போடுதல். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர் அடிப்பு. வைத்துவிட்டால் பிள்ளை யோசித்தே ஆக வேண்டும்.

புளியங்கொட்டையைக் காட்டினேன். "சின்னன், மிதக்கும்" என்று கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் பாய்ந்தது. மணி மட்டும் இந்தப் பக்கம் தனியே நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா புளி கரைக்கக்குள்ள கொட்ட கீழ கிடக்கும்" என்றாள். போட்டோம், தாண்டது. அடுத்து தேங்காய். இப்போது எல்லோரும், மணி உட்பட, தாழும் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தேங்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் போட்டான். அது ஒரு முழுக்குப் போட்டு எழும்பி மிதந்ததும் முற்றத்தில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்தார்.

தோடம்பழம்தான் அன்றைய பெரிய கதை. தோலோடு போட்டால் மிதக்கிறது. எடுத்து உரித்து அதே பழத்தைப் போட்டால் நேரே அடிக்குப் போய்விடுகிறது. தோலின் வெள்ளைப் பகுதி காற்றுப் பிடித்து வைத்திருப்பதால் வருகிற வேலை அது. நான் அதைச் சொல்லவில்லை, "ஏன் அப்படி?" என்று மட்டும் கேட்டேன். "அதுக்குச் சட்ட இல்ல, வெக்கத்தில கீழ போயிட்டு" என்றான் ஆமை. எல்லோருக்கும் அந்த விளக்கம் பிடித்துவிட்டது. குடைக்குப் பிடிக்கவில்லை. உரித்த தோலை மட்டும் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். அது மிதந்தது. "தோல்தான் தூக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலரை வயது. அவளுக்குக் காற்றைப் பற்றி இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோலைத் தனியே போட்டுப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது, மிச்சம் வரும். வியாழக்கிழமை காலையில் அவளுடைய அப்பா வந்து, வீட்டில் இருந்த எலுமிச்சம்பழம், கத்தரிக்காய் எல்லாம் வாளிக்குள் கிடந்ததாகப் பாதி கோபமும் பாதி சிரிப்புமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது பேசினில் பஞ்சு வேலை. தண்ணீர் நிறைந்த பேசினில் பஞ்சை ஊறவிட்டு எடுத்துக்கொண்டு ஓடி, வெறும் வாளிக்குள் பிழிய வேண்டும். எந்தக் குழு வாளியில் கோடு வரை முதலில் நிரப்புகிறது என்று போட்டி. வாசலில் நின்று "விளையாட்டுத்தானே" என்று சொல்கிற அம்மாமார் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிறக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகும். கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஒன்பது, பத்து வயது ஆகிவிடும். மூன்றரை வயதுப் பிள்ளை பென்சிலை முழுக்கையாலும் பொத்திப் பிடிப்பது பிடிவாதத்தால் இல்லை. மூன்று விரலால் பிடிக்க உள்ளங்கையில் தசை பலக்க வேண்டும், மணிக்கட்டு வளைந்து நிற்க வேண்டும். அந்தப் பலம் பிழிவதிலும் பிசைவதிலும் கிள்ளுவதிலும் வருகிறது. களிமண் உருட்டினால் வருகிறது, கச்சான் உடைத்தால் வருகிறது.

எங்கள் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இருக்கவில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதவைக்கிறோம்? அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால்தான் எழுதினார்கள். இப்போது அந்தப் படத்தை எடுத்து முகநூலில் போட்ட கையோடு மறுநாளே கொப்பியும் பென்சிலும் வாங்கித் தந்து 'அ' வை இருபது தரம் எழுதச் சொல்கிறோம். 'அ' சுழியும் வளைவும் நிறைந்த எழுத்து. நேர்கோட்டில் அடங்குகிற 'ட', 'ப' எல்லாம் இருக்க, பிள்ளையை முதலில் 'அ' வில் கொண்டுபோய் இடிக்க வேண்டியதில்லை. அம்மாமாரின் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து வயது முடிந்ததும் முதலாம் தரம், ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. பந்தயத்துக்கு இப்போதே ஆயத்தம் செய்யாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம். பயம் நியாயம்தான், மருந்துதான் பிழை.

அன்று ஒரு அம்மா மட்டும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றார். "தண்ணி விளையாட்டு வேணுமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார். அவர் கடற்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, எங்கள் பக்கத்தில் கேட்கத் தேவையும் இல்லை. "நீங்களும் இருந்து பாருங்க, மகனுக்கு விருப்பமில்லாட்டி மணலில விளையாடட்டும்" என்றேன். ஒரு கதிரையைக் கொண்டுவந்து பேசினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொடுத்தோம். மகன் முழங்கை வரை நனைந்துகொண்டு சிரட்டையால் ஊற்றிக்கொண்டிருந்தான். போகும்போது அந்தச் சிரட்டைகளைக் கழுவி அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனார்.

புதன் போயா, பௌர்ணமி விடுமுறை. செவ்வாய்க்கிழமை விடும்போதே பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தேன். வீட்டில் உள்ள ஆகப் பெரிய ஆளிடம், வாவியில் பாட்டுக் கேட்டிருக்கிறார்களா என்று கேட்டு வர வேண்டும். மீன்பாடும் தேன்நாடு என்று பெயரெடுத்த மட்டக்களப்பின் பிள்ளைகளிடம் இதைக் கேட்காமல் தண்ணீர்க் கிழமை நடத்த முடியாது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்து இரவில் தோணியை நிறுத்திவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்பது நாமெல்லாம் சின்னதிலிருந்து கேட்ட கதை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது ஊரியின் சத்தம் என்று ஊரார் சொன்னதையும் குறித்து வைத்தார். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

வியாழக்கிழமை வந்த விடைகள் பலவிதம். "அம்மம்மா கேட்டவவாம்." "எங்கட அப்பப்பா எல்லாம் பொய் எண்டார்." "மீனுக்கு வாய் இருக்கு, பாடும்தானே." முயலின் வீட்டில் ஆகப் பெரிய ஆளாக அண்ணன் இருந்திருக்கிறான், இரண்டாம் தரம்; அவன் யூரியூப்பில் கேட்டதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்று துறைக்கு நடந்தோம். நீளமான கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னால் நான், பின்னால் தங்கச்சி, நடுவில் வர ஒத்துக்கொண்ட இரண்டு அம்மாமார். கயிற்றை விட்டால் நடை நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆமைகூட அன்று ஒழுங்காக நடந்தான். வேலியோரத்துத் தொட்டாச்சிணுங்கியைக் கண்டபோதுதான் கயிறு பாம்பாக வளைந்து நின்றது. ஒவ்வொருவரும் தொட்டு முடிய நேரம் போனது. அதையும் அவசரப்படுத்துவதில்லை.

துறையில் பாதை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை, கரைக்கு வந்துகொண்டிருந்தது. மண்டூர்ப் பக்கமிருந்து இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், நெல் மூட்டை, ஆட்கள். ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு ஊரே இதில்தான் கடக்கும். பிள்ளைகளில் பலர் அம்மாவின் இடுப்பில் இருந்து போனவர்கள்தான். ஆனால் இந்தத் தரம் அவர்கள் பார்த்த விதம் வேறு. குடை முடிச்சைப் பிடித்தபடியே கேட்டாள்: "டீச்சர், புளியங்கொட்ட சின்னன், அது தாண்டுட்டு. லாண்ட்மாஸ்டர் எவ்வளவு பெரிசு, ஏன் பாதை தாழல்ல?"

பதில் சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "வகுப்புக்குப் போய்ச் செஞ்சு பாப்பம்" என்றேன்.

அதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. மணியின் அப்பப்பா தோணியோடு கரையில் காத்திருந்தார். அவருக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். "வாங்க டீச்சர். பிள்ளையள அங்கால விடாதீங்க, பாசி வழுக்கும்" என்றார். நீளமான மரக்கோலை எடுத்து ஒரு முனையைத் தண்ணீருக்குள் ஊன்றி, மற்ற முனையைக் கரையில் நிற்கிற பிள்ளைகளின் காது உயரத்துக்குச் சரித்துப் பிடித்தார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற அவருடைய மகன் இரண்டு கல்லைத் தண்ணீருக்குள்ளே ஒன்றோடொன்று தட்டினார். வெளியே நிற்கிற எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோலில் காதை வைத்த முதல் பிள்ளை திடுக்கிட்டுத் தலையை எடுத்தது. பிறகு மறுபடி வைத்தது. வாய் திறந்தபடி அப்படியே நின்றது. அடுத்த பிள்ளைக்கு இடம்விட வைக்கப் பெரும்பாடு. தண்ணீரில் சத்தம் காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், அந்தச் சத்தத்தை மரம் காதுவரை கொண்டுவந்து தரும். துடுப்பைக் காதில் வைத்த மீன்பிடிகாரருக்கு இந்தக் கணக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

நானும் வைத்துக் கேட்டேன். டொக், டொக் என்று மண்டைக்குள் கேட்கிறது. "மீன் எங்க பாடுது?" என்று முயல் கேட்க, அப்பப்பா, "அது பகல்ல நித்திர மனே" என்று சொல்லிச் சமாளித்தார். முயல் அதை நம்பிவிட்டான். எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை, ஆனால் பெரியவர் ஆசையாகச் சொன்னதை அந்த இடத்தில் எடுத்துப் பேச முடியாது.

வகுப்புக்கு வந்து கைகால் கழுவி, அவித்த கௌபியைத் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டு முடித்ததும் களிமண் எடுத்தோம். வாய்க்கால் களிமண், கல்லும் வேரும் பொறுக்கிப் பிசைந்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தது. ஆளுக்கொரு உருண்டை. உருண்டையாகப் போட்டால் தாழ்கிறது. "தாழாமச் செய்யுங்க பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் ஒதுங்கிக்கொண்டோம். முதலில் எல்லோரும் உருண்டையைச் சின்னதாக்கினார்கள். தாண்டது. இன்னும் சின்னதாக்கினார்கள், புளியங்கொட்டை அளவுக்கு. அதுவும் தாண்டது. ஒருத்தன் கோபத்தில் உருண்டையை மேசையில் ஓங்கிக் குத்தினான், அது தட்டையாகிவிட்டது. தட்டையைப் போட்டான்; ஒரு கணம் நின்று, பிறகு ஓரம் சரிந்து தாண்டது. அந்த ஒரு கணத்தை மணி பார்த்துவிட்டாள். தன்னுடையதைத் தட்டையாக்கி, தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிவர ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி உயர்த்தினாள். ரொட்டி மாவில் பழகிய கை என்று நினைக்கிறேன். அது மிதந்தது.

பிறகு என்ன, மேசை முழுக்கத் தோணி. புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மணியின் தோணி ஒன்பது தாங்கி, பத்தாவதில் தாண்டது. ஆமையின் தோணி அகலம் கூட, பதினான்கு தாங்கியது. இந்தத் தரம் வாயும் விரலும் ஒன்றாகவே போயின. ஒரு கொட்டை கூடினால் தோணி கவிழ்ந்துவிடும் என்றால் யார்தான் கவனமாக எண்ணமாட்டார்கள்? குடை பேசினில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "பாதைக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்ல டீச்சர், வெறும். அதான்." இதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சிறுவர் சந்தை. தண்ணீருக்கும் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாதத்துச் சந்தை அந்த வெள்ளிக்கு என்று முன்பே தீர்மானித்தது. வீட்டில் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லித் தலைப்பை ஒருமாதிரி ஒப்பேற்றினோம். முருங்கைக்காய், பொன்னாங்காணி, வெண்டிக்காய், கொய்யா, தேசிக்காய், கோழிமுட்டை என்று மேசைகள் நிரம்பிவிட்டன.

விலை மூன்றே மூன்று: 20, 50, 100. பிள்ளைகளுக்கு எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, தாளில் உள்ள குருவியைத் தெரிந்தால் போதும். நம்முடைய 2010 வரிசைத் தாள்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பறவை இருக்கிறது. 20 ரூபாய் ஆந்தைக் காசு. 500இல் கிளி. முதல் நாள் என்னுடைய கைப்பையிலிருந்த தாள்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டியபோது, இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பெறுமதி கூடக்கூடத் தாளின் நீளமும் கூடுகிறது. படிக்குப் படி 5 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், அதையும் விரலால் தடவிச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் காசு எண்ணுகிற பெரியவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்போம்?

சந்தை சந்தையாகவே நடந்தது. "நம்மட மரத்துக் காய்க்கு நானே காசு குடுக்கணுமா மனே?" என்று ஒரு அம்மா மகனிடம் கேட்க, "ஓம், இது கட" என்றான் அவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஒரு ஆச்சி 50 ரூபாய்ப் பொன்னாங்காணியை 20க்குக் கேட்டு அரைமணி நேரம் நின்றார், மாங்காய் அசைந்துகொடுக்கவில்லை. கொய்யா விற்கப் போட்ட முயல் கடைசிப் பழத்தை விற்க மறுத்துவிட்டு, வாங்க வந்தவர் முன்னாலேயே கடித்துவிட்டான். நட்டம் அவனுடைய கணக்கில்.

காலையிலேயே ஆமை என்னிடம் ஒரு மட்டையைக் கொண்டுவந்தான். "முருங்கக்கா எண்டு எழுதித் தாங்க டீச்சர். இல்லாட்டி ஆருக்கும் தெரியாது." மேசையில் முருங்கைக்காய் ஒரு முழ நீளத்துக்குக் கிடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடை என்றால் பலகை வேண்டும் என்பது அவன் கட்சி. எழுதிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் பார்த்தால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இன்னொரு மட்டையில் அதைப் பார்த்து எழுதுகிறான். கையில் மெழுகுப் பென்சில். 'மு' மல்லாந்து கிடந்தது, 'ரு' வுக்குப் பக்கத்தில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு சுழி, அதோடு மட்டை முடிந்துவிட்டது. மிச்சத்தை மறுபக்கத்தில் எழுதினான். அவனுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தேசிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சேர்ந்த காசை வட்டமாக இருந்து எண்ணினோம். என்ன வாங்கலாம் என்று கேட்டதற்கு ஐஸ்கிறீம், நாய்க்குட்டி, லாண்ட்மாஸ்டர் என்று யோசனைகள் வந்தன. சந்தையில் தராசு இல்லாதது மணிக்குக் குறையாக இருந்திருக்கிறது. கடைசியில் தட்டுத் தராசு ஒன்று வாங்குவதென்று முடிவானது. ஐஸ்கிறீம் கட்சி இன்னும் சமாதானமாகவில்லை.

அடுத்த கிழமை வேளாண்மை. வெட்டு முடிந்தவர்கள் ஒரு பிடி கதிரும் கொஞ்சம் வைக்கோலும் அனுப்புங்கள். பழைய சுளகு, மரைக்கால், ஓட்டையில்லாத சாக்கு இருந்தால் நல்லது. புடைத்துக் காட்ட ஒரு அம்மம்மா வேண்டும், கூலி ஒரு கோப்பை தேத்தண்ணீர். பயிற்சிக் கொப்பிகள் வேண்டாம். போன மாதம் தந்தவை அலுமாரியில் அப்படியே இருக்கின்றன, வருகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.